வெறும் வயிற்றோடு வாங்க, மாமா

ஒரு மனிதரின் உயிர்காக்கும் மருந்தை, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, ஒவ்வொன்றாகக் காகிதம் பிரித்து, நிதானமாகச் சப்பிச் சாப்பிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்று பாராட்டும் சொன்னவன் நான். அந்த மனிதர் அப்போது எனக்கு மாமனார் ஆகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது (வரவழைக்கப்பட்டது).

கையோடு இன்னொரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் ராயபுரம் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு மளிகைக் கடை. பள்ளிக்கூடம் விட்டால் கடை, கடை விட்டால் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச். வேலைக்குப் போன பிறகு, காலையில் கம்பெனி வண்டி வந்து என்னை அள்ளிக்கொண்டுபோய்ச் சிறுசேரியில் கொட்டும். சோழிங்கநல்லூரில் எந்தக் கடையில் பரோட்டா மிருதுவாக இருக்கும் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். கடைசியாக அங்கே போனது ஏழாம் வகுப்பில். அதுவும் வழி தவறி.

இந்த லட்சணத்தில் நான் ஷீபாவிடம், "எங்க ஏரியாவில எனக்குத் தெரியாத சந்து இல்ல" என்று போனில் சொல்லி வைத்திருந்தேன். ஷீபா தூத்துக்குடிக்காரி. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். ஜாதகம் பார்க்கிற வேலை எங்களுக்குக் கிடையாது. ஆனால் ஊர் பார்க்கிற வேலை இருந்தது. "வடசென்னையா? அங்க பட்டப்பகல்லயே வெட்டுவானுவளாமே" என்று அவர்கள் தெருவில் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஷீபாவின் அப்பா தங்கராஜ் மாமா, பெண்ணைக் கொடுப்பதற்கு முன் ஊரை நேரில் பார்த்துவிடுவது என்று தனியாகக் கிளம்பி வந்தார்.

"ஒரே ஒரு நாள்தான் இருப்பாங்க. சாயந்தரம் ரயிலு. ஊரு பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு," என்றாள் ஷீபா.

"அத என்கிட்ட விடு," என்றேன் நான். (விட்டிருக்கக் கூடாது.)

மூன்று ராத்திரி கண் விழித்து வீடியோ பார்த்துப் பட்டியல் தயாரித்தேன். விடிந்ததும் காசிமேட்டில் மலைமலையாய் மீன் இறங்குவதைக் காட்டுவது. பிறகு அத்தோ சாப்பிடுவது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. தூத்துக்குடியில் அதற்கு வழியே இல்லை. அப்புறம் எண்ணூர் முகத்துவாரம், அங்கே ஒரு குடிசைக் கடையில் வறுத்த இறால். திரும்பும் வழியில் வண்ணாரப்பேட்டையில் ஷீபாவுக்கு ஒரு சேலை. உலகத் தலைவர்களின் சுற்றுப்பயணம்கூட இவ்வளவு கச்சிதமாகத் திட்டமிடப்பட்டிருக்காது.

அது மே மாதம். தங்கராஜ் மாமா இரும்புக் கடை வைத்திருப்பவர். பேச்சையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். காலை ஆறரைக்குக் குளித்துவிட்டு, எங்கள் வீட்டு முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது லேசாக ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஷேவ் செய்திருப்பார் என்று நினைத்தேன். (தாடையில் முள் முள்ளாக முடி இருந்தது. பார்த்தேன். பார்த்தும் ஷேவ் என்றே நினைத்தேன்.)

அம்மா இட்லித் தட்டை இறக்கினாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்கினேன். "இட்லியா! மாமா, இன்னைக்கு நீங்க வெறும் வயித்தோட வரணும். பத்தே நிமிஷம். வாழ்க்கையில மறக்க மாட்டீங்க."

இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் உண்மையானது.

மாமா இட்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி," என்றார்.

சித்தப்பா மகனின் காரை இரவல் வாங்கியிருந்தேன். காசிமேட்டில் இறங்கியபோது மணி ஏழு. மலைமலையாய் மீனைத் தேடினேன். விசைப்படகுகள் அத்தனையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கயிற்றில் கட்டிக் கிடந்தன. ஒரு படகின் மேல் ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தரையில் மீனின் செதில்கூட இல்லை. ஃபைபர் படகில் வந்த சொற்ப மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஏலம் எல்லாம் முடிஞ்சிடுச்சாம்மா?" என்று விவரம் தெரிந்தவனைப் போலக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, ஊருக்குப் புச்சா? தடைக்காலம் போய்க்கினு கீது. ஜூன் பாதி வரைக்கும் ஒரு போட்டும் போவாது. சின்னக் கொயந்தைக்குக்கூடத் தெரியுமே!"

பக்கத்தில் நின்ற மாமாவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். "எங்க ஊர்லயும் இப்பம் தடைதான்," என்றார்.

"அப்போ... முன்னாடியே தெரியுமா மாமா? சொல்லலையே?"

"நீங்க காட்டுதேன்னு சொன்னியளே."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கட்டிக் கிடந்த படகெல்லாம் ஆடின. காருக்குத் திரும்பினோம். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, மாமா சட்டைப் பையிலிருந்து மூன்று ஆரஞ்சுச் சுளை மிட்டாய்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் அதை விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டு கையை நீட்டினேன். ஒரு கணம் தயங்கினார். ஒன்றைக் கொடுத்தார். மற்ற இரண்டையும் கியருக்குப் பக்கத்துக் குழியில் வைத்தார்.

"நல்லா இருக்கு மாமா," என்றேன்.

அடுத்தது அத்தோ. வீடியோவில் நூறு பேர் மொய்த்த தள்ளுவண்டி, நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதன் கீழே ஒரு நாய் தூங்கியது. எதிர் வீட்டு வாசலில் ஒருவர் வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அத்தோ எப்போ போடுவாங்க?"

அவர் துப்பிவிட்டு வானத்தைப் பார்த்தார். "அத்தோவா? காலீலயா? சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு வா மாமு. அதுக்குள்ள நேத்து மீந்தத துன்ட்டு எவனாவது பேதியில போனான்னா கடக்காரன் பொறுப்பு இல்ல."

பக்கத்திலேயே ஒரு சின்ன இட்லிக் கடை. ஆவி தெருவரைக்கும் வந்தது. மாமா அந்த ஆவியை மூக்கால் பிடித்துக்கொண்டே, "தம்பி, இங்கன ரெண்டு இட்லி..." என்று இழுத்தார். அன்று காலை அவர் தானாக எடுத்த ஒரே பேச்சு அது. ஒரு மனிதர் வாய் திறந்து உதவி கேட்டிருக்கிறார்.

"மாமா! இட்லி தூத்துக்குடியிலயே கிடைக்குமே! எண்ணூர்ல இறால் காத்துக்கிட்டு இருக்கு. இருபது நிமிஷம்!" என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதித்த வேகத்தில் இரண்டாவது மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கடற்கரைச் சாலையைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. வலது பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நின்றன. அவற்றுக்கு அப்பால் கருங்கல், கடல். இடது பக்கம், எங்கள் வழியில், திரும்பிப் போகிற லாரிகள். நடுவில் நாங்கள். இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். முன்னால் எங்கேயோ ஒரு டிரெய்லர் திரும்பப் பார்த்துக் குறுக்கே மாட்டிக்கொண்டது. எனக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. பின்னால் ஒன்று வந்து நின்றது. இடது பக்கம் ஒரு நீலப் பெட்டி வந்து, ஒரு கை அகல இடைவெளி விட்டு, வெளிச்சத்தை அடைத்தது.

மணி எட்டு ஆனது. எட்டே கால் ஆனது.

"மாமா, லாரிக்கு அந்தாண்ட பாருங்க, கடல்!" என்றேன், ஒரு பெருமையாவது மிஞ்சட்டும் என்று.

மாமா கடலைப் பார்க்கவில்லை. ஏசியை முழுசாகத் திருப்பி வைத்திருந்தும் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. கை முழங்காலின் மேல் லேசாக ஆடியது. கோபத்தை அடக்குகிறார் என்று முடிவு செய்தேன். போச்சு, இந்த மனிதர் பெண் தரப் போவதில்லை. அந்தக் கவலையில், குழியிலிருந்த மூன்றாவது மிட்டாயை எடுத்துப் பிரித்தேன். அவர் பார்வை என் விரலோடு வந்தது, வாய் வரைக்கும் வந்து நின்றது.

"கடைய அடைச்சாச்சா?" என்றார் திடீரென்று.

அப்பாவின் கடையைக் கேட்கிறார். வருமானம் விசாரிக்கிறார் என்று உஷாரானேன். "ராத்திரி பத்து மணிக்குத்தான் அடைப்பாங்க மாமா. நல்ல வியாபாரம்."

"சாவிய எங்க வச்ச?"

"வண்டியிலதான் மாமா இருக்கு."

"அந்த ஆறடிக் கம்பிய உள்ள எடுத்துப் போடு. மழ வருது."

வெளியே மே மாத வெயில் கன்டெய்னரில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. அப்போதுதான் இது கோபம் இல்லை என்று எனக்கு உறைத்தது. அதே நேரம் போன் அடித்தது. ஷீபா.

"சாம், அப்பா சாப்ட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஒரு சூப்பரான இடத்துக்குப் போய்க்கிட்டு..."

"மணி எட்டரை ஆவுது! ஊசி போட்டாங்களா?"

"என்ன ஊசி?"

ஷீபாவின் குரல் தாழ்ந்தது. "அப்பாவுக்கு சுகர். ரெண்டு வேளையும் ஊசி. போட்டு அரை மணி நேரத்துக்குள்ள சாப்டணும். உங்க வீட்ல தெரிஞ்சா, பொண்ணுக்கும் வருமோன்னு நினைப்பாங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாங்க. இப்பம் எப்படி இருக்காங்க?"

"வேர்க்குது. கடைச் சாவி கேக்குறாங்க. மழை வருதுங்குறாங்க."

"ஐயோ! சுகர் இறங்கிட்டு! சட்டைப் பையில சுளை மிட்டாய் மூணு இருக்கும் பாருங்க, நானே வச்சு அனுப்புனேன். எடுத்து வாயில போடுங்க, சீக்கிரம்!"

மூன்றாவது மிட்டாய் என் இடது கன்னத்தில் பாதி கரைந்திருந்தது.

(அதை வெளியே எடுத்து... என்று ஒரு வினாடி நினைத்தேன். நினைத்ததை இதுவரைக்கும் ஷீபாவிடம் சொன்னதில்லை.)

போனை இருக்கையில் எறிந்துவிட்டுக் காரைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். வாசனைத் திரவியம் இருந்தது. குடை இருந்தது. பின் இருக்கையில் ஒரு பாட்டில் கருப்பு பானம் இருந்தது; கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று நான் வாங்கியது. "சர்க்கரை அறவே கிடையாது" என்று அதன்மேல் பெருமையாக எழுதியிருந்தது.

"மாமா, தூங்காதீங்க. மாமா, கடை... கம்பியை உள்ள போட்டாச்சு மாமா. பேசிக்கிட்டே இருங்க!" என்று கத்திவிட்டு வெளியே குதித்தேன். நடுத் தடுப்பைத் தாண்டினேன். சுற்றிலும் இரும்பு. நூறு சக்கரம், ஆயிரம் சக்கரம். ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. வடசென்னையில் எங்கே சாப்பிடலாம் என்று மூன்று ராத்திரி படித்தவனுக்கு, ஒரு ஸ்பூன் சர்க்கரை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

"சர்க்கரை! யாராவது சர்க்கரை வச்சிருக்கீங்களா! சர்க்கரை!"

ஒரு டிரெய்லருக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. லுங்கியும் பனியனுமாக ஒரு டிரைவர், பம்ப் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தார். துறைமுகத்துக்குள் விட எவ்வளவு நேரம் ஆகுமோ என்று அங்கே லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள் என்பது, சத்தியமாக, அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

"இன்னாபா, காலீல வந்து சக்கர சக்கரன்னு இந்தக் கத்து கத்திகினு கீற?"

"சுகர்ணே! மாமாவுக்கு சுகர்!"

"சுகர் கீறவருக்கு எதுக்குபா சக்கர?"

நியாயமான கேள்வி. "இறங்கிடுச்சுண்ணே! ஊசி போட்டுட்டு சாப்பிடல!"

அவர் முகம் மாறியது. "அத்த மொதல்ல சொல்ல மாட்ட, பேமானி! எங்க கீறாரு?" ஒரு கையில் சர்க்கரை டப்பா, ஒரு கையில் தண்ணீர் சொம்பு, வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஓடினார். அவர் பெயர் ஏழுமலை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மாமா கதவில் சாய்ந்திருந்தார். ஏழுமலை என் பக்கக் கதவு வழியாக உள்ளே சாய்ந்து, அவர் முகத்தைத் தட்டி, "பெரியவரே, முய்ங்குவியா?" என்று கேட்டார். மாமா தலையை அசைத்தார். ஏழுமலை சொம்பில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் கையில் கொடுத்தார். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். தண்ணீர் தளும்பி வேட்டியில் சிந்தியது. வாய்க்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். சொம்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஐயய்யோ, கண்ண மூடிட்டாருபா! தட்டு, கன்னத்துல தட்டு!"

மாமாவின் உதடு அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. "இல்லண்ணே. ஜெபம் பண்றாங்க."

"இப்பவா?"

"மாமா! ஜெபம் அப்புறம் மாமா! கர்த்தர் ஒண்ணும் நினைக்க மாட்டார் மாமா!"

எந்த அவசரமும் இல்லாமல் "ஆமென்" என்று முடித்துவிட்டுத்தான் குடித்தார்.

பிறகு காத்திருந்தோம். ஐந்து நிமிடமா, பத்து நிமிடமா தெரியாது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. இருக்கையில் கிடந்த போனிலிருந்து "சாம்! சாம்!" என்று ஷீபாவின் குரல் கொசு மாதிரிக் கேட்டது. எடுக்கப் பயந்து நின்றேன். எடுத்து என்ன சொல்வது? ஏழுமலை மாமாவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார்.

"சீனி கூடிட்டு," என்றார்.

நான் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். (புகை கண்ணில் பட்டது என்று இன்றுவரை சாதிக்கிறேன்.) ஷீபாவிடம் மாமாவே போனில், "ஒண்ணுமில்ல தாயி, நல்லா இருக்கேன். போன வய்யி," என்றார்.

"வெறும் தண்ணியோட வுட்டா இன்னொரு தபா எறங்கிக்கும். சோறு துன்னணும். எங்கம்மாவுக்கும் இதே பேஜாருதான். எய்ந்து வா பெரியவரே," என்றார் ஏழுமலை.

டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்தார். தலைக்கு ஒரு சாண் மேலே இருபது டன் சுமை. மதியத்துக்கென்று வடித்து வைத்திருந்த சோறு. கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மாமா முதல் வாயை வைத்ததும் மென்று, நிறுத்தி, யோசித்தார். நான் சர்க்கரை டப்பாவைக் கைக்கு எட்டும்படி இழுத்து வைத்துக்கொண்டேன்.

"தடைக்காலத்துல கருவாடுதான் சரி," என்றார். "புளி கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்."

"அப்டியா? எங்கூட்டாண்ட இப்டித்தான் வெப்பாங்க," என்றார் ஏழுமலை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. பேச்சை எடை போட்டுக் கொடுக்கிற மனிதர் மூட்டையை அவிழ்த்துவிட்டார். கம்பி எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறது, ஏழுமலை எப்போதிலிருந்து நிற்கிறார் ("நேத்து மத்தியானத்துலேர்ந்து"), எப்போது உள்ளே விடுவார்கள் ("வுடும்போது வுடுவான்"), வீடு எங்கே ("திருவொத்தியூரு, அதோ அந்தாண்ட. வூட்டுக்கு நடந்தா கா மணி நேரம். வண்டிய வுட்டுப் போவ முடியாதே"). இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார் மாமா.

அவர் தெம்பாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒப்புக்கொள்ளத் துணிச்சல் வந்தது. "மாமா, எனக்கு இந்த ஊர் தெரியாது மாமா. எல்லாம் வீடியோவில பார்த்தது."

"படகுத்துறையிலயே தெரிஞ்சிட்டு."

"அந்த மிட்டாய் மூணையும் நான்தான் தின்னுட்டேன்."

"பாத்தேன்."

"ஏன் மாமா கொடுத்தீங்க?"

"கை நீட்டுனியளே. எனக்கு சுகருன்னு எப்படிச் சொல்லுவேன்?"

காலையிலிருந்து ஒரு காருக்குள் இரண்டு பொய்யர்கள் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவருக்கு ஊர் தெரியாது, ஒருவருக்கு உடம்பு சரியில்லை. இரண்டும் வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்திருந்தேன். இனிமேல் இவர் ஊருக்குப் போய்ச் சொல்லப் போகிற பதிலும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அப்போது அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் கொளம்பு ஊத்தச் சொல்லுங்க."

ஏழுமலைதான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். "அட, பொண்ணு குடுக்குறவரா நீ? இவனுக்கா?" என்று கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு கரண்டி ஊற்றினார்.

நெரிசல் கலைந்து வீட்டுக்குப் போனதும் அம்மா, "எங்கண்ணே சாப்ட்டீங்க?" என்றாள். "நல்ல எடம். போர்டு கெடையாது," என்றார் மாமா. சாயந்தரம் ரயிலுக்குக் கிளம்பும் முன் சாப்பிட உட்கார்ந்தபோது, ஊசியை நடுக்கூடத்தில் வைத்தே எடுத்தார். அப்பா பார்த்தார். உள்ளே போய், இரண்டு வருடமாக அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தன் சுகர் மாத்திரையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். சம்பந்தம் பேசி முடிந்தது.

கல்யாணம் ஆகி ஐந்து வருடம். எங்கள் காரில் இன்றைக்கும் ஒரு டப்பா சுளை மிட்டாய் இருக்கிறது. மூடியில் "சாம் தொடக் கூடாது" என்று ஷீபா கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து யார் சென்னைக்குக் கிளம்பினாலும் மாமாவிடம் வந்து எங்கே சாப்பிடலாம் என்று கேட்பார்கள். "துறைமுகம் போற வரிசையில நாப்பதாவது லாரி" என்று அனுப்பி வைப்பார். ஏழுமலை அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார், புளி தூக்கலாக வைத்துப் பார்த்ததாகவும் அது சுமார்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் சுற்றுகிறேன். தடைக்காலம் எப்போது முடியும், அத்தோ வண்டித் தார்ப்பாயை எத்தனை மணிக்கு அவிழ்ப்பார்கள், முகத்துவாரத்தில் எந்தக் குடிசையில் இறால், எந்த நேரத்தில் லாரி இருக்காது, எல்லாம் அத்துப்படி. போன வாரம் மாமா சென்னைக்கு வரப்போவதாகச் சொன்னதும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. போனைப் போட்டேன்.

"மாமா, அன்னைக்கு விட்டதையெல்லாம் இந்தத் தடவை காட்டிடுறேன். மீன் இறங்குறது, அத்தோ, இறால், எல்லாத்துக்கும் நேரம் குறிச்சு வச்சிருக்கேன். ஒரே ஒரு விஷயம், வெறும் வயித்தோட மட்டும் வந்துடுங்க!"



"நான் சாப்ட்டுட்டு வாறேன்," என்றார்.